நெறஞ்சிருக்குன்னு எழுது

1. செவ்வாய்க்கிழமை காலை, சித்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் வழியாக வரும் பஸ்ஸின் கண்டக்டர் ஒரு துண்டுச் சீட்டை என்னிடம் கொடுத்தார்.

2. சீட்டில் ஒரே ஒரு வரி: "பால் பவுடர் நெறஞ்சிருக்கு." மொழி தமிழ். எழுத்து தெலுங்கு.

3. எனக்கு இரண்டு எழுத்தும் தெரியும். இருப்புப் பதிவேட்டில், "சித்தூரில் போதிய கையிருப்பு உள்ளது" என்று எழுதினேன்.

4. ஆகவே, திருப்பதிக் கிடங்குக்கு அன்று அனுப்ப வேண்டிய கோரிக்கைத் தாளை அனுப்பவில்லை.

5. வெள்ளிக்கிழமை எங்கள் பிரசவ நிலையத்தில் கடைசி டின் தீர்ந்தது. சனிக்கிழமை காலை, பாலுக்கு வந்த பெண்கள் வெறும் தம்ளரோடு திரும்பிப் போனார்கள்.

6. நான் சித்தூருக்கு பஸ் ஏறினேன். டின்கள் இருக்க வேண்டிய பின்னறையைத் திறந்து பார்த்தேன். இரண்டு டின் இருந்தது. இரண்டும் காலி.

7. அடுத்த கோரிக்கை நாள் வரும் வரை காத்திருந்ததில், பத்து நாள் பால் இல்லை. யாரோ மேலதிகாரிக்குப் புகார் எழுதிப் போட்டார்கள்.

தவறு என்னுடையது. மூன்றாவதில் இருக்கிறது.

அந்த வரியை எழுதியவர் எங்கள் பக்கத்து எல்லைப் போராட்டத் தலைவர் ஒருவரின் மனைவி. ஆந்திரா தனி மாநிலமான பிறகு, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. தலைவர் தமிழ் ஊர்களையெல்லாம் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார். மனைவி, தன் தகப்பனார் சீதனமாகக் கொடுத்த நிலத்தில், புத்தூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், பிரசவ நிலையம் ஒன்றைக் கட்டி நடத்தினார். நான்கு கட்டில், பால் கரைக்க ஓர் அண்டா, குழந்தைகளை நிறுக்க ஒரு தராசு, பயிற்சி முடித்த மருத்துவச்சியாக நான், உதவிக்கு முனியம்மா. நிலையம் என்பது இவ்வளவுதான். திருப்பதியிலிருந்து வரும் பால் டின்கள் அவர்களுடைய சித்தூர் வீட்டுப் பின்னறையில் இறங்கி, அங்கிருந்து எங்களுக்கு வரும். மனைவியை எல்லோரும் அம்மா என்றோம், தலைவரை ஐயா என்றோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

சித்தூரிலிருந்து நான் திரும்பி வந்து, டின் காலியாக இருந்ததைச் சொன்னபோது, முனியம்மா அண்டாவைக் கவிழ்த்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு சிரித்தாள்.

"இன்னா நர்ஸம்மா, இதுகூடத் தெரியாதா? நெறஞ்சிருக்குன்னா தீந்து பூட்ச்சின்னு அர்த்தம். அரிசி இல்ல, உப்பு இல்ல, குங்குமம் இல்லன்னு வாயால சொல்லக் கூடாது. சொன்னா நெசமாவே இல்லாம பூடும்."

"அப்போ உண்மையிலேயே நிறைய இருந்தால் என்ன சொல்வீங்க?"

"கீதுன்னு சொல்லுவோம். வேற இன்னா சொல்றது?"

"தெலுங்குக்காரங்க?"

"அவங்க நிண்டுகுந்தின்னு சொல்லுவாங்க. நெறஞ்சிடுச்சின்னு. அவங்களுக்கும் தீந்துதுன்னுதான் அர்த்தம். மேடைல ஏறி நின்னுக்கினு சண்ட போடறாங்களே ரெண்டு கட்சியும், வூட்ல காலிப் பானைக்கு ஒரே பேருதான் வச்சிக்கிறாங்க. நீ மெட்ராஸ்ல அவ்ளோ பெரிய படிப்பு படிச்சிக்கினு வந்துட்ட, சோத்துப் பானை பாஷை தெரில."

எனக்குத் தெரியாதுதான். என் நைனா சூளூர்பேட்டை ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். என்னைப் பெற்றவள் செத்தபோது எனக்கு ஆறு வயது. ஏழிலிருந்து பதினெட்டு வரை விடுதி. விடுதிச் சமையலறையில் தீர்ந்துபோனதைத் தீர்ந்துபோனது என்றுதான் சொல்வார்கள். கரும்பலகையில் எழுதியும் வைப்பார்கள். ஒரு வீட்டுச் சமையலறையில் நின்று வளர்ந்திருந்தால் அந்தச் சீட்டை நான் தவறாகப் படித்திருக்க மாட்டேன்.

முனியம்மா சொன்ன பிறகு, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. பிரசவத்துக்கு வந்திருந்த ஒருத்தி, பால் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டாள்: "உங்களுக்கு எத்தினி புள்ளைங்கம்மா?"

"நெறஞ்சிருக்கு" என்றார் அம்மா. தம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கேட்டவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானோ, பிள்ளைகள் நிறைந்த வீடு என்று எடுத்துக்கொண்டேன். முதல் தடவை சித்தூர் வீட்டுக்குப் போனபோது, கணக்கு எடுக்கிற வழக்கத்தில், வாசலில் சின்னச் செருப்புகளைத் தேடினேன். பெரிய செருப்புகள்தான் இருந்தன. இருபது ஜோடிக்குமேல். எல்லாம் கட்சிக்காரர்களுடையவை.

அம்மா "இல்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. அதை ஒரு நல்ல குணம் என்று வெளியில் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு அது ஒரு சுமையாகத்தான் தெரிந்தது.

உதாரணமாக, வாசலில் யாராவது வந்து "ஐயா கீறாரா?" என்று கேட்பார்கள். ஐயா திருத்தணியிலோ நகரியிலோ கூட்டத்தில் இருப்பார். வர மூன்று நாள் ஆகும். அம்மா சொல்வார்: "வருவாரு. உக்காருங்க." அவர்களும் உட்காருவார்கள். உட்கார்ந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். போட்டால் அவர்கள் இன்னும் உட்காருவார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் எப்போதும் பத்துப் பேர், இல்லாத ஒருவருக்காகக் காத்துக்கொண்டு, அவர் கட்சிப் பத்திரிகையையே விசிறியாக வைத்து விசிறிக்கொண்டு கிடந்தார்கள். "ஐயா ஊரில் இல்லை என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டலாமே" என்று ஒருநாள் சொன்னேன். அம்மா என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வூட்டு வாசல்ல அப்டி எழுதி மாட்டுவாங்களா கண்ணு?"

நிலையத்துக்கு வருகிறவர்கள் கொடியில் காய்கிற புடவையைக் கேட்பார்கள். "எடுத்துக்கினு போ." பச்சை உடம்புக்காரி ஒருத்தி அவர் போர்த்தியிருந்த சால்வையைக் கேட்டாள். "எடுத்துக்கினு போ." இதற்கெல்லாம் மறுநாள் கூட்டத்தில் ஐயாவுக்கு நன்றி சொல்வார்கள். அம்மாவும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். "அவர்தான் குடுக்கச் சொன்னாரு" என்று ஒவ்வொன்றுக்கும் சேர்த்துச் சொல்வார். ஐயாவுக்கு அந்தப் பொருள்கள் வீட்டில் இருந்ததே தெரியாது.

அம்மா சாப்பிட்டதை ஒரு தடவைதான் பார்த்தேன். சாயங்காலம் நான்கு மணி. கூடத்தில் கடைசிப் பந்தி எழுந்துவிட்டது. சமையலறைச் சுவரைப் பார்த்து, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, பானையின் அடியைக் கரண்டியால் சுரண்டித் தின்றுகொண்டிருந்தார். நான் வந்த சத்தம் கேட்டுத் திரும்பினார். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "துன்னுட்டியா?" என்று என்னைக் கேட்டார். நான் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னேன். பொய். அவரோடு பழகினால் அது தொற்றிக்கொள்ளும்.

பால் பவுடர் விஷயத்தில் அவர் என்னைத் திட்டவில்லை. "நான்தான் புரியற மாதிரி எழுதல" என்றார். இனிமேல் வார்த்தையே வேண்டாம், டின்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள், ஒன்றும் இல்லாவிட்டால் பூஜ்ஜியம் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார். அடுத்த மாதம் டின் தீர்ந்தபோது வந்த சீட்டில், எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. பாலுக்குப் பூஜ்ஜியம் போட அவருக்குக் கை வரவில்லை. நான் அதைப் பூஜ்ஜியம் என்று பதிவேட்டில் ஏற்றினேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் குழப்பம் வரவில்லை.

அந்தச் சீட்டுகளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அம்மாவின் வீட்டில் பேச்செல்லாம் தமிழ். ஆனால் அவர் பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தது தெலுங்கு வாத்தியார் ஒருவர்தான். தகப்பனார் அனுப்பி வைத்தார், அம்மா ஐந்து வருடம் படித்தார், எழுத்து வந்தது. அது தெலுங்கு எழுத்து. அதில் அவர் தமிழை எழுதினார். எங்கள் பக்கத்தில் இப்படி எழுதுகிறவர்கள் நிறைய. யாரும் இதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை, எல்லைத் தகராறு வரும் வரை.

ஐயா மறியல் செய்து சிறைக்குப் போனபோது அம்மா வாரத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார். கைதிக்கு வரும் கடிதத்தை அதிகாரிகள் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அங்கே எழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அர்த்தம் புரியவில்லை. அர்த்தம் புரியக்கூடியவருக்கு எழுத்துத் தெரியவில்லை. ஏதோ ரகசிய பாஷை என்று எடுத்து வைத்துவிட்டார்கள். கடிதங்களுக்கு முன்னால் ஐயாவே வெளியில் வந்துவிட்டார். பிறகு கட்டாக வந்து சேர்ந்தன. அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"ஒருத்தரு படிச்சி, ஒருத்தரு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் ஒண்ணா உக்கார மாட்டேன்னுட்டாங்க."

"வந்த பிறகு ஐயா படிச்சாரா?"

"அவருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாதே. ஜெயில்ல யாராச்சும் படிச்சிக் காட்டுவாங்கன்னு எழுதனேன்."

"நீங்க படிச்சுக் காட்டலாமே."

"எப்போ? கூடத்துல பத்து பேரு கீறாங்களே."

அந்தக் கட்டு பின்னறையில் ஒரு காலி பால் டின்னுக்குள் இருந்தது. வேறொரு டின்னில் பழைய தெலுங்கு வாரப் பத்திரிகைகள், தொடர்கதைப் பக்கங்களாகக் கிழித்துத் தைத்தவை. மத்தியானம் அரை மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு, டின்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அவர் படிப்பார். அந்த அரை மணி நேரம்தான் அவருடையது. நான் கதவைத் தட்டினால், மூடி விழுகிற சத்தம் முதலில் கேட்கும், பிறகு "வா கண்ணு."

அறையில் இரண்டு டின் இருந்தது, இரண்டும் காலி என்று ஆறாவதாக எழுதினேன். பால் இல்லை என்ற அர்த்தத்தில்தான் எழுதினேன்.

இனி அந்தப் புகாருக்கு வருகிறேன். அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். தெலுங்குக்காரர், வயதானவர், நியாயமானவர். என் பதிவேடுகளைப் பார்த்தார். மூன்றாவதாக நான் எழுதிய வரியையும் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னதும், "நிண்டுகுந்தி அன்னாரா?" என்று, அப்படியா சொன்னார் என்பதுபோல, கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு வேலையைப் பேசினார். ஒரு வீட்டுப் பின்னறையையும் பஸ் கண்டக்டரையும் நம்பி ஒரு நிலையம் நடக்க முடியாது. எல்லை எப்படிப் போனாலும், அரசாங்கத்தின் கையில் இருந்தால் நிலையம் நிற்கும். நிலத்தை எழுதிக் கொடுத்தால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். இல்லையென்றால் பால் பவுடரும் மருந்தும் நின்றுவிடும். அதாவது மூடிவிட வேண்டியதுதான்.

நிலம் அம்மாவின் பெயரில் இருந்தது. ஆகவே தானப் பத்திரத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

இதை நான் சித்தூருக்குப் போய்ச் சொன்னபோது ஐயா வீட்டில் இருந்தார். கூடத்தில் கூட்டம் என்பதால் சமையலறைக்கு வந்து நின்று கேட்டார். தொடர்ந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. மேடையில் பார்த்ததைவிடக் குள்ளமாகத் தெரிந்தார்.

"குடுத்துடலாம். நல்ல காரியம்" என்றார். உடனே ஏதோ ஞாபகம் வந்ததுபோல நின்றார். "கையெழுத்து யார் போடறது?"

"என் நெலம். நான்தான்" என்றார் அம்மா.

"எந்த எழுத்துல?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நான் உன்னைக் குறை சொல்லல. பதிவு ஆபீஸ்ல போட்ட பத்திரத்தை யார் வேணும்னாலும் நகல் எடுக்கலாம். போன வாரம் கூட்டத்துலயே ஒருத்தன் எழுந்து நின்னுக்கினு, உன் வீட்ல என்ன எழுத்துன்னு சொல்லிட்டு அப்புறம் எங்க ஊரைப் பத்திப் பேசுன்றான். அவனுக்கு அந்த ஒரு தாள் போதும். பேப்பர்ல போட்டுடுவான். நாம அனுப்புன மனுவெல்லாம் குப்பை."

"போடாம விட்டா நிலையம் பூடுமே."

"போட வேணாம்னு சொல்லலையே. தமிழ்ல போடு. பேரு அஞ்சு எழுத்துதானே? இந்த நர்ஸம்மா சொல்லிக் குடுக்கட்டும்."

"ஆவட்டும்" என்றார் அம்மா.

பதிவுக்கு இருபது நாள் இருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் நான் சித்தூர் போனேன். பின்னறையில் டின்னைக் கவிழ்த்து, அதன்மேல் நோட்டை வைத்து எழுதினோம். முதல் நாளே ஐந்து எழுத்தும் வந்துவிட்டன. தெரிந்துகொள்வதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் அது கையெழுத்தாக வரவில்லை. வரைந்த படமாக இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவைத் தூக்கி, யோசித்து, மறுபடி வைத்தார். வேகமாக எழுதச் சொன்னால் கை பழைய பக்கம் போய்விடும். எழுத்தின் தலையில் தெலுங்குக்கு வைக்கிற அந்தச் சின்னக் குறி, தலைக்கட்டு என்பார்களே, அது தானாக வந்து உட்காரும். அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். ஒரு பக்கத்தில் எண்ணினேன். முப்பது தடவை எழுதியதில் ஒன்பது தலைக்கட்டு.

"உன்ன யாராச்சும் உன் பேரை மாத்தி எழுதச் சொன்னா எழுதுவியா?" என்று ஒருநாள் கேட்டார்.

"பேரை மாத்தலையேம்மா. எழுத்தைத்தான்."

"அதான் கேட்டேன்."

வேறொரு நாள் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "அவரும் பாவம். வூட்டுக்கு வந்தா தூங்கறாரு. தூக்கத்துலயும் மனு மனுன்றாரு. அவருக்கு என்மேல கோவம் இல்ல. அதான் கஷ்டம். கோவமா இருந்தா நானும் எதாச்சும் சொல்லலாம்."

அவர் அந்த "இல்ல"வைச் சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு தடவை.

பதிவு நாளன்று அலுவலகத்தில் கூட்டம். ஐயாவோடு கட்சிக்காரர்கள் பத்துப் பேர், ஒரு பத்திரிகைக்காரர். ஐயாதான் அவரைக் கூப்பிட்டிருந்தார். மனைவி தன் நிலத்தைத் தானமாகக் கொடுத்து, தமிழில் கையெழுத்துப் போடுகிறார் என்று எழுதுவதற்காக. சாட்சிக் கையெழுத்துக்கு நான். முனியம்மாவும் வந்திருந்தாள், யாரும் கூப்பிடாமல்.

பதிவாளர் பத்திரத்தைப் படித்துக் காட்டி, காட்ட வேண்டிய இடத்தில் விரலை வைத்து, "சந்தகம் பெட்டண்டம்மா" என்று கையெழுத்துப் போடச் சொன்னார்.

அம்மா பேனாவை வாங்கினார். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. குனிந்து எழுத ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று தாளையே பார்த்தேன். முதல் எழுத்து வேகமாக வந்தது. யோசிக்காமல், நன்றாக, பழகிய கையின் அழகோடு வந்தது. தலைக்கட்டோடு வந்தது.

அங்கே பேனா நின்றது.

அது தெலுங்கு எழுத்து என்று அந்த நேரத்தில் தெரிந்தது எனக்கும் அவருக்கும் மட்டும்தான். பதிவாளர் வேறு தாளைத் தேடிக்கொண்டிருந்தார். ஐயா வாசலை ஒட்டி, பத்திரிகைக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, மை தோய்த்த பஞ்சு வைத்திருந்த தகர டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, இடது கைக் கட்டைவிரலை அதில் நன்றாக அழுத்தி எடுத்து, அந்த எழுத்தின் மேலேயே வைத்தார்.

"எனக்கு எழுத வராதுங்க" என்றார் பதிவாளரிடம். சத்தமாகவே சொன்னார்.

வாசலில் பேச்சு நின்றது.

பதிவாளர் என்னைப் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கலாம். ஆனால் தலைவரின் மனைவி எழுதத் தெரியாது என்று பத்துப் பேருக்கு முன்னால் சொல்லும்போது, உங்களுக்குத் தெரியும் என்று யார் சொல்வார்கள்? குமாஸ்தா இன்னொரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். கைநாட்டு என்றால் சாட்சி அதை நிரப்ப வேண்டும். கொடுப்பவர் பெயர், கணவர் பெயர், ஊர், படிப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று எனக்கு நேரில் தெரியும் என ஒரு வரி. அதன்கீழ் என் கையெழுத்து.

முதல் மூன்றையும் எழுதினேன். நான்காவதில் நின்றேன். நான் பதிவேட்டில் பொய் எழுதியதில்லை. தவறாக எழுதியிருக்கிறேன், பொய் எழுதியதில்லை. ஐந்து வருடம் பள்ளி, வாரம் இரண்டு கடிதம், டின் நிறையத் தொடர்கதை. இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

அம்மா கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டேன்: "படிப்புன்னு கேட்டிருக்கும்மா. என்ன எழுதட்டும்?"

"நெறஞ்சிருக்குன்னு எழுது" என்றார்.

பின்னால் முனியம்மா மூக்கை உறிஞ்சினாள். சிரித்தாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை. நான் "லேது", அதாவது இல்லை, என்று தெலுங்கில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஐயா அருகில் வந்து தாளைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதை நான் பார்த்திருக்க வேண்டாம். பிறகு அது போய் வேறு ஏதோ வந்தது. அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டிருந்தார். மறுவாரக் கூட்டத்தில் ஐயாவே பேசினார்: எழுத்து வாசனை அறியாத ஒரு பெண்மணிக்கே இந்த மண்மேல் இவ்வளவு பற்று என்றால், படித்தவர்களே, உங்களுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? நீண்ட நேரம் கைதட்டினார்கள் என்று கேள்வி.

அன்று பதிவு முடிந்து சித்தூர் வீட்டுக்குப் போனோம். வாசலில் வழக்கம்போல ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஐயா செருப்பைக் கழற்றியபடி, யாரையும் பார்க்காமல், "இன்னும் பத்து நாள் எழுதிப் பழகியிருந்தா வந்திருக்கும்" என்றார்.

"சோறு கீது. துன்னுட்டுத் தூங்குங்க" என்றார் அம்மா.

உண்மையில் சோறு இருந்தது. காலையிலேயே வடித்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

ஒரு பொய்யைப் பத்துப் பேர் முன்னால் சொன்னால், பிறகு அதைக் காப்பாற்ற வேண்டும். அம்மா காப்பாற்றினார். வாக்குச் சாவடியில் கைநாட்டு வைத்தார். தபால்காரரிடம் கைநாட்டு வைத்தார். எனக்குச் சீட்டு வருவது நின்றது. கண்டக்டர் வாய்வழியாகச் சேதி சொன்னார். அரசாங்கம் நிலையத்தை ஏற்றதும் பால் பவுடர் திருப்பதியிலிருந்து நேராக வந்தது. சித்தூர்ப் பின்னறையில் டின் தேவைப்படவில்லை. காலி டின்களையெல்லாம் கட்சிக்காரர்கள் சுவரொட்டிக்குப் பசை காய்ச்ச எடுத்துப் போனார்கள். எடுத்துக்கினு போங்க என்றுதான் சொல்லியிருப்பார். உள்ளே இருந்தவை என்ன ஆயின என்று நான் கேட்கவில்லை.

இப்போது நிலைமை இது. எல்லை முடிவாகிவிட்டது. திருத்தணி அந்தப் பக்கம் போனது. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருக்கிறது. ஐயாவும் அம்மாவும் சித்தூர் வீட்டை விற்றுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நிலையத்தின் பலகை தெலுங்கில் இருக்கிறது. கட்டில் நான்கு எட்டாகிவிட்டது. முனியம்மா இருக்கிறாள், நான் இருக்கிறேன். பத்திரத்தின் நகல் ஒன்று அலமாரியில் இருக்கிறது. நகல் என்பதால் அதில் ரேகையும் இல்லை, அதன் அடியில் இருந்த எழுத்தும் இல்லை. "கொடுப்பவர் கைநாட்டு" என்று மட்டும் இருக்கிறது. பால் தினமும் காலை ஏழு மணிக்கு ஊற்றுகிறோம். இன்று மூன்று டின் கீது.